ஒயின்காரி வைத்த பொங்கல்

அந்த ஊரில் குடிப்பவர்களைப் பற்றி யாரும் கூட்டம் போட்டுப் பேசியதில்லை. அப்படிப் போட்டால் கூட்டத்துக்கு ஆள் தேறாது. பரளச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பருத்திக் காட்டு வழியே நடந்தால் வருகிற சின்ன ஊர். பொழுது சாய்ந்ததும் ஆண்கள் பாதிப் பேர் வண்டியை முறுக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து வரப்பில் விழுந்தாலும், பெண்டாட்டியை அடித்தாலும், "பாவம், ஒடம்பு அலுப்பு" என்று ஊரே பரிந்து பேசும். அப்பேர்ப்பட்ட ஊர், முருகலட்சுமியின் மகள் சத்யபிரியா ஒயினை மோந்து பார்க்கிறாள் என்று தெரிந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தது.

சத்யபிரியா மதுரையில் கேட்டரிங் படித்துவிட்டு, பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் பரிமாறும் வேலைக்குப் போனவள். மூக்கு கூர்மையானது. பால் திரியப் போவதை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாள். அதைப் பார்த்துவிட்டு ஓட்டல்காரர்களே அவளை ஒயின் படிக்க அனுப்பினார்கள். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் சேரும் என்று விருந்தாளிக்குச் சொல்வது, புட்டியைத் திறந்து மோந்து, ஒரு வாய் ருசி பார்த்து, கெட்டுப்போகவில்லை என்று உறுதி செய்த பிறகு ஊற்றிக் கொடுப்பது. இதுதான் வேலை. ஒரு நாளைக்குப் பத்துப் புட்டி ருசி பார்த்தாலும் அவ்வளவையும் துப்பிவிட வேண்டும். விழுங்கினால் நாக்கு மந்தமாகிவிடும்.

வகுப்பில் முதல் நாள் ஒரு சிவப்பு ஒயினைக் கொடுத்து என்ன வாசம் வருகிறது என்று கேட்டார்கள். மற்றவர்கள் அவள் கண்ணால் கண்டிராத சீமைப் பழங்களின் பெயர்களை அடுக்கினார்கள். இவள் எழுந்து, "நாவல்பழம். அப்புறம் மொத மழை விழுந்த கரிசல் மண்ணு" என்றாள். சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கு வருகிற வாசத்தைத்தானே நான் சொல்ல முடியும் என்று அவள் அப்படியே நின்றாள். கடைசிப் பரீட்சையையும் அதே நாவல்பழத்தோடுதான் எழுதி முடித்தாள்.

முருகலட்சுமி இதையெல்லாம் ஊரில் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "ஓட்டல்ல ஜூஸ் செக்ஷன்ல இருக்கா" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்க்கு ஆயுசு குறைவு. பெரியப்பா மகன் இன்பராஜ் எங்கோ செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டான். கிளாஸைச் சுழற்றி, மூக்கை நுழைத்து, ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்து, பக்கத்து வாளியில் துப்புகிறாள் சத்யபிரியா. ஊர் முழுக்க வீடியோ பரவியது. குடிக்கிறாளே என்பது மற்றவர்களின் கோபம். இன்பராஜுக்குத் துப்புகிறாளே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பங்குனிப் பொங்கலுக்கு அவள் லீவு போட்டு வந்திருந்தாள். கண்மாய்க்கரைக் கருப்பசாமிக்கு வீட்டுக்கு ஒரு பானை வைப்பது வழக்கம். பானை வைக்கும் பெண்கள் மூச்சுக்காற்று படாமல் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வார்கள். பொங்கல் வைக்க ஒரு வீட்டுக்கு இடமில்லை என்றால், நல்லது கெட்டதற்கு அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கமாட்டார்கள் என்று அர்த்தம்.

கிளம்புவதற்கு முன் முருகலட்சுமி அரிசி களைந்தபடி, "ஏத்தா, அப்படி என்னத்தத்தான் அதுல கண்ட? அதக் குடிச்சுத்தான ஒங்கப்பன் போய்ச் சேந்தான்?" என்று கேட்டாள்.

"அவரு குடிச்சது வேறம்மா. அவரு மறக்குறதுக்குக் குடிச்சாரு. நான் கவனமாப் பாக்குறேன். செகப்புல நாவப்பழ வாசம் வரும், நம்ம காட்டுல மொத மழ விழுமே, அந்த வாசம் வரும். வெள்ளையில நாரத்தங்கா தோல உரிச்ச மாதிரி இருக்கும். எந்த மண்ணுல வெளஞ்சதோ அந்த மண்ணு தெரியும்மா."

முருகலட்சுமி பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கோயிலில் பெரியப்பா மொக்கையன் வழி மறித்தார். பொங்கல் காரியத்துக்கு அவர்தான் பெரிய மனுசர். சாமி முன்னால் பழம், சுருட்டு, நடுவில் ஒரு முழுப் பிராந்தி பாட்டில், எல்லாம் அவர் வாங்கி வைத்தவைதான்.

"தம்பி பொண்டாட்டின்னு பாக்குறேன், லட்சுமி. குடிகார முண்டையப் பெத்துப்புட்டு இங்க பானை வைக்க வாரியா? ஒம் மக சூடம் அணைச்சு, இனிமே அதத் தொடமாட்டேன், வேலைய விட்டுட்டேன்னு சத்தியம் செய்யட்டும். இல்லாட்டி பானையத் தூக்கிட்டுப் போ."

முருகலட்சுமி மகள் பக்கம் சாய்ந்தாள். "பொய்யாவாச்சும் அணைச்சிருத்தா. சாமி மன்னிக்கும்" என்று மகள் காதில் கெஞ்சினாள். தாய் கெஞ்சுவதைக் கேட்டதும்தான் சத்யபிரியாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

மொக்கையன் ஆத்திரத்தில் ஒன்றை மறந்துவிட்டார். அந்தக் கோயிலில் சூடச் சத்தியம் கேட்கிறவரும், அடுத்த சூடத்தில் அதே சத்தியத்தைச் செய்தாக வேண்டும். அதற்குப் பயந்துதான் அங்கே யாரும் லேசில் சத்தியம் கேட்பதில்லை. பொட்டப்பிள்ளை, சூடத்தைக் கண்டால் அழுதுகொண்டே காலில் விழுவாள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

"ஏத்துங்க பூசாரி" என்றாள் சத்யபிரியா.

பூசாரி பாண்டிராஜ் தட்டில் சூடத்தை ஏற்றினார். அவள் நேரே கருப்பனைப் பார்த்து நின்றாள்.

"வேலைய விடமாட்டேன். அது நான் படிச்ச படிப்பு. போதைக்குன்னு ஒரு மடக்கு நான் குடிச்சதில்ல. குடிச்சிட்டு யாரையும் கை நீட்டி அடிச்சதில்ல. நான் நாக்குல வச்சு நல்லதுன்னு பாக்காம ஒருத்தருக்கும் ஊத்துனதில்ல. எங்கப்பா கருத்தப்பாண்டி குடிச்சே செத்தாரு. ஒரு வருசம்கூட அவரு வீட்டுப் பானைய இங்க யாரும் ஒதுக்கல. நான் சொன்னதுல பொய் இருந்தா என் மூக்கும் நாக்கும் அவிஞ்சு போகட்டும், கருப்பா!"

எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். சூடம் அணைந்தது.

"இப்ப நீங்க, பெரியப்பா. போதைக்குக் குடிச்சதில்ல, யாரையும் அடிச்சதில்லன்னு அதையே சொல்லுங்க."

பூசாரி அடுத்த சூடத்தை ஏற்றிவிட்டார். முறை என்றால் முறைதான், அதில் அவர் பெரிய மனுசர் சின்ன மனுசர் பார்ப்பதில்லை. மொக்கையன் இன்பராஜைப் பார்த்தார். இன்பராஜ் வேப்பமரத்து உச்சியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். ஆண்கள் ஒவ்வொருவராகத் தட்டைவிட்டு விலகி நின்றார்கள்.

அப்போது மொக்கையனின் மனைவி அமுதவள்ளி தன் பானைக்குப் பக்கத்திலிருந்து எழுந்தாள். வாய்க்கட்டைக் கழற்றினாள். இத்தனை வருசமாக அவள் அடி வாங்கியது ஊருக்கே தெரியும்.

"அணைங்களேன். ஏன் பாத்துக்கிட்டே நிக்கிறீக?" என்றாள்.

அவர் கையை நீட்டவில்லை. சூடம் எரிந்து எரிந்து தானாகவே அடங்கியது. அவர் கண்மாய்க்கரையோரமாக நடந்துவிட்டார். அமுதவள்ளி தன் பானையைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் ஒரு அடுப்புக்கு இடம் விட்டாள். முருகலட்சுமி அங்கே கல்லைக் கூட்டினாள்.

தீ பிடித்ததும் அடுத்த வரிசையிலிருந்து நாகமணி எட்டிப் பார்த்தாள். "ஏக்கா, ஜூஸ் செக்ஷன்னுல்ல சொன்ன?"

"பொய் சொன்னேன்" என்றாள் முருகலட்சுமி, வாய்க்கட்டைக் கீழே இறக்கிவிட்டு. கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "எம் மக ஒயினு ருசி பாக்குற வேலை பாக்குறா. அதுல நாவப்பழ வாசம் வருமாம், நம்ம கரிசல்ல மொத மழ விழுந்த வாசம் வருமாம். இவுக இத்தன வருசமாக் குடிக்கிறாகளே, என்ன வாசம்னு ஒருத்தருக்காச்சும் தெரியுமான்னு கேளு!"

பிறகு வாய்க்கட்டை இறுக்கி முடிந்துகொண்டு, விறகை உள்ளே தள்ளினாள்.