பெஞ்சில் உட்கார்ந்த தலைமையாசிரியர்

பத்தாவது முடித்துப் பதினொன்றில் சேரப் போன அகல்யாவிடம் தலைமையாசிரியர் கமலக்கண்ணன் கேட்டது ஒரே கேள்வி.

"அப்பா இன்னா பண்றாரு?"

தறிச் சத்தம் ஓயாத முள்ளிப்பட்டு ஊர்க்காரி, பெருமையாகவே சொன்னாள். "பட்டுத் தறி, சார்."

"அப்போ நெசவுப் பிரிவு. போ."

நர்ஸாக ஆசைப்பட்டவள் பயாலஜி என்று வாயைத் திறப்பதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். நிலம் இருந்தால் விவசாயம், கடை இருந்தால் வணிகம். அவர் இருந்தவரை ஆரணியில் அந்தப் பள்ளியில் அப்படித்தான் நடந்தது.

அகல்யாவுக்கு அந்த வயிற்றெரிச்சல் ஆறவேயில்லை. கல்யாணமாகிப் போன வீட்டிலும் தறிதான். பாவு இழை அறுந்தால்கூட அந்த மனுஷனைத்தான் திட்டுவாள். மகன் அதே பள்ளியில் சேர்ந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியானாள். ஊருக்கு உழைக்க வந்தவள் என்று புகழ்ந்தார்கள். உழைப்பாவது ஒன்றாவது, கறுவிக்கொண்டுதான் வந்தாள். முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட வைத்தாள்: எந்தப் பிரிவு என்பதைப் பிள்ளையே சொல்ல வேண்டும், தனியாக. பெரியவர்கள் வெளியே இருக்க வேண்டும். அப்பன் தொழிலை யாரும் கேட்கக் கூடாது.

இந்த ஜூனில், ஓய்வுபெற்றுவிட்ட கமலக்கண்ணனே வந்தார், பேத்தி காவ்யாவோடு. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் டாக்டர் சீட்டு வாங்கிவிடலாம் என்று அவளை இங்கேயே படிக்க வைத்திருந்தார். சேர்க்கை மேஜையில் தலைவி அகல்யாதான் உட்கார்ந்திருந்தாள்.

"பயாலஜி போட்டுடும்மா. ஜல்தியா முடி."

"பொண்ணு சொல்லட்டும் சார். நீங்க வெளிய பெஞ்சில குந்துங்க."

பிள்ளைகளோடு வந்திருந்த தறிக்காரர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார்.

உள்ளே காவ்யா தயங்கவில்லை. "நெசவு, அக்கா. நான் புடவைக்கு டிசைன் போடணும். ஒரு வருஷமா சொல்லிகினு இருக்கேன், தாத்தா காதுலயே வாங்கல."

அகல்யாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனாலும் கேட்டாள். "நெசமா வேணுமா, தாத்தா மேல கோவமா?"

"எனக்கு வேணும்க்கா."

அகல்யா கதவைத் திறந்தாள். "நெசவுப் பிரிவு, சார்."

கமலக்கண்ணன் பதறி எழுந்தார். "இந்த வயசுல அதுக்கு இன்னாம்மா தெரியும்? கையெடுத்துக் கும்பிடறேன், மாத்திடு."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கைகள் கூப்பியபடியே இருந்தன. அகல்யா அதை ஆசைதீரப் பார்த்தாள். பிறகு, அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.