பாண்டுரங்கனின் நூறு கிராம்

கறியைத் தட்டில் வைக்கிற பழக்கம் பாண்டுரங்கனுக்குக் கிடையாது. ஒரு முழ உயரத்திலிருந்து போடுவார். எண்கள் பதறிக்கொண்டு மேலே ஓடி, நின்று, இறங்கலாமா என்று யோசிப்பதற்குள் கறி பைக்குள் போயிருக்கும். இதற்கு நடுவே எதிரில் நிற்பவரின் மாமியாருடைய மூட்டுவலி, மகனின் பாலிடெக்னிக் சீட்டு, இந்த வாரம் மழை உண்டா இல்லையா என்பது வரை விசாரித்து முடித்திருப்பார். கைத்தராசுக் காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு இவ்வளவு சிரமம் தேவையே இல்லை. மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து, கிலோவுக்கு நூறு கிராம் கூட்டிக் காட்டும்படி செய்து வைத்திருக்கிறார். முன்னால் இருக்கும் சின்னத் தராசு, முழு ஆடு நிறுக்கும் பெரிய மேடைத் தராசு, இரண்டுக்கும் ஒரே வைத்தியம். ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் கடை. வெள்ளிக்கிழமை தவறாமல் தராசுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவார். தராசுக்கு முத்திரை போட அரசாங்க ஆள் வருகிற அன்று மட்டும் அவை கொஞ்ச நேரம் யோக்கியமாக நடந்துகொள்ளும். "இன்னா அண்ணே, பை லேசா இருக்குதே" என்று யாராவது இழுத்தால் அவர் கோபப்படுவதில்லை. கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு, "எம்பொண்ணு பொன்னி மேல சத்தியமா சொல்றேன், இந்தத் தராசு ஒரு கிராம் ஏமாத்தாது" என்பார். கேட்டவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். கடையில் கறி இளசாக இருக்கும், அதற்காகத்தான் வருகிறார்கள். தராசை நம்பி வருகிறவர் யாரும் இல்லை. சத்தியம் செய்கிறவருக்கும் அது தெரியும்.

அவருடைய கண் மட்டும் நேர்மையானது. செஞ்சி சந்தையில் ஆட்டின் விலாவை அழுத்தி, பின்காலைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்து எடை சொன்னால் அரைக் கிலோ முன்னே பின்னே போகாது. வாங்கும்போது கண் பேசும். விற்கும்போது தராசு பேசும். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளாதபடி இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டவர்.

பொன்னி அவருக்கு ஒரே பெண். எட்டாம் வகுப்பிலேயே பெஞ்சில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்காருவாள். அதைப் பார்த்த பி.டி. டீச்சர் கையில் இரும்புக் குண்டைக் கொடுத்து எறியச் சொன்னாராம். எறிந்தாள். பள்ளியில் பரிசு, வட்டத்தில் பரிசு, பிறகு விழுப்புரத்தில் ஜில்லா அளவில் பரிசு. பாண்டுரங்கனுக்கு அன்றிலிருந்து கடையில் பேச இன்னொரு விஷயம் கிடைத்தது. ஆட்டின் ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், நல்லியெலும்பு மூன்றும் அந்த நாளோடு விற்பனையிலிருந்து நின்றுபோயின. வாடிக்கைக்காரர் கேட்டால், "அது பாப்பாவுக்கு" என்று பதில் வரும், ஏதோ அரசாங்க உத்தரவு மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து மகளைக் கூப்பிடுவார். பெரிய தராசில் ஏறி நிற்கச் சொல்வார். எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டு, "எல்லாம் நம்ம கடை சரக்கு. வெயிட்டு இருந்தாத்தான் குண்டு தூரம் போவும்" என்று வரிசையைப் பார்த்துச் சொல்வார். பெண்பிள்ளை எடையை இப்படி நாலு பேர் நடுவில் ஏலம் விடுகிறாரே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பொன்னி சுளிக்கவில்லை. அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வாடிக்கைக்காரர்களுக்குப் போட்ட நூறு கிராமைத் தராசு மகளுக்கும் போட்டது. மகள் விஷயத்தில் அதைக் கழிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கூட வருகிறதை யார் வேண்டாம் என்பார்கள்?

தானே புயலுக்கு அடுத்த கோடையில், ஒரு மத்தியானம், அவர் கறிக்கட்டையை உப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பொன்னி வந்து நின்றாள்.

"இனிமே குண்டு போடலப்பா. கபடியில சேந்துட்டேன்."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. சொன்னது காதில் விழுந்து உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காரணம் கேட்டார். அவள் யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னாள். "குண்டு ஒண்டியா பேஜாருப்பா. எறியறதும் நானு, நடந்துபோயி பொறுக்கினு வர்றதும் நானு. கபடின்னா, வுழுந்தா தூக்கறதுக்கு ஆறு பேரு இருக்காங்க."

அடுத்த ஒரு வாரம் பாண்டுரங்கன் ஊருக்கே இழவு சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். காலைப் பிடித்து இழுப்பதெல்லாம் ஒரு விளையாட்டா என்றார். பொம்பளப் புள்ளைக்குக் கைகால் முறிந்தால் யார் பதில் சொல்வது என்றார். முறியாமலே இருந்தாலும் கபடி ஆடுகிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று ஒருவர் கேட்டார். உண்மையில் அவரை அறுத்தது வேறு. நாலு வருஷம் ஈரலும் சுவரொட்டியும் போட்டு வளர்த்த உடம்பு அது. அதில் தனக்குப் பாதிப் பங்கு உண்டென்று அவர் நினைத்திருந்தார். கேட்காமல் கொள்ளாமல் அதை வேறு மைதானத்துக்கு ஓட்டிப்போய்விட்டாள்.

மனைவி அம்சவள்ளி சோற்றைப் போட்டுக்கொண்டே இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆட்டுக்குத் தழ கட்ற மாதிரி கட்டிட்டு, இப்ப சந்தைக்கு வரலன்னா அழுவுறியே. அது பொண்ணுய்யா."

கபடி சொல்லிக்கொடுக்கும் முருகையன் மாஸ்டரிடம் சண்டை போடப் போனார் பாண்டுரங்கன். போனவர் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். ஜூனியர் பெண்கள் அணிக்கு அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் எடுக்க மாட்டார்களாம். விழுப்புரத்தில் தேர்வன்று தராசில் ஏற்றித்தான் உள்ளே விடுவார்களாம். பொன்னி நம் தராசில் எழுபது. முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு மகளிடம் சொன்னார். "ரூலு ரூலுதானேம்மா. நாம இன்னா பண்றது?" தராசு அவருக்கு எத்தனையோ நன்மை செய்திருக்கிறது. மகளையே பிடித்து நிறுத்தித் தரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

பொன்னி அழவில்லை. மறுநாளிலிருந்து சாப்பிடுவதை நிறுத்தினாள்.

முதலில் கறியை விட்டாள். பிறகு சோறு. காலையில் ஒரு டம்ளர் கேப்பைக்கூழ், மத்தியானம் வெள்ளரிக்காய். ஏப்ரல் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடினாள். அம்சவள்ளி கெஞ்சினார், திட்டினார், தானும் ஒருவேளை பட்டினி கிடந்து பார்த்தார். சாயங்காலம் கடை கழுவியதும் பொன்னி வந்து பெரிய தராசில் ஏறுவாள். அறுபத்தொன்பது. அறுபத்தெட்டு. இறங்கி மறுபடியும் ஓடப் போவாள்.

பாண்டுரங்கன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்தைக்குப் போகிற அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. தராசு எழுபது என்ற அன்றே அவள் அறுபத்து நாலுதான். சேர்வதற்கு ஒரு பிடி சோற்றைக்கூட அவள் குறைத்திருக்க வேண்டியதில்லை. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைப் பல தடவை நாக்கின் நுனி வரை கொண்டுவந்தார். சொன்னால் அடுத்த கேள்வி தராசைப் பற்றி வரும். அதற்கடுத்து அம்சவள்ளிக்குத் தெரியும். அம்சவள்ளிக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது வேறு. ஆனால் தெருவுக்குத் தெரிவதும், அப்பன் திருடன் என்று பெண்ணுக்குத் தெரிவதும் ஒன்றா? எப்படியும் இரண்டு நாளில் பசி தாங்காமல் குண்டுக்கே திரும்பிவிடுவாள், அப்போது தானாக எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று.

அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது ஒன்று. கடையில் நல்ல கூட்டம். ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்க்கும் மிஷினில் ஏறிவிட்டு, வந்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பொன்னி நேராக அங்கே வந்தாள்.

"ப்பா, அந்த மிஷினு அறுபத்தொண்ணு காட்டுது. நம்மளுது நேத்து அறுபத்தேழு காட்டுச்சி. எதுப்பா கரெக்டு?"

வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அறுபத்தொன்று என்று ஒரு தலையசைப்பு போதும். அன்று மத்தியானமே அவள் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டிருப்பாள். பாண்டுரங்கன் கத்தியைத் தீட்டுக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"அது ரிப்பேருமா. எப்பவும் கம்மியாத்தான் காட்டும்."

"நானும் அதான் நெனச்சேன்" என்றாள் பொன்னி. சீட்டைக் கசக்கி எலும்புக் கூடையில் போட்டுவிட்டு ஓடப் போனாள். திண்டிவனத்தில் அந்தத் தராசை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவள்தான். பிறந்ததிலிருந்து தன் தலையில் அடித்துச் செய்த சத்தியமாயிற்றே, வேறு யார் நம்புவார்கள்?

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் கடைத் தராசு அறுபத்து நாலு காட்டியது. பொன்னி தராசைவிட்டு இறங்கி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாண்டுரங்கன் கடைக்குள் எதையோ தேடுவது போலப் போய்விட்டார்.

மறுநாள் இருவரும் விழுப்புரம் பஸ்ஸில் போனார்கள். எடை ஏறிவிடும் என்று பயந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மைதானத்தில் வேப்பமரத்தடியில் ஒரு மேஜை, ஒரு தராசு. பொன்னி ஏறினாள். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இறங்கி இன்னொரு தரம் ஏறச் சொன்னார்.

ஐம்பத்தெட்டு.

முருகையன் மாஸ்டர் குனிந்து எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னும் ஏழு கிலோ எடம் கெடக்குதேம்மா. எதுக்கு இப்டி காஞ்சிப் போயி வந்திருக்கற?"

பொன்னி தராசிலிருந்து இறங்காமல் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பாண்டுரங்கன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், அதை விலை பேச வந்தவர் மாதிரி.

ஆட்டத்தில் முதல் தடவை பாடிப் போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை நாலு பேர் பிடித்தார்கள். பிடியை விட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அவள் சொன்னது போலவே ஆறு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்து நிழலில் உட்கார வைத்தார்கள். தேர்வானவர்கள் பெயரை வாசித்தபோது அதில் அவள் பெயர் இல்லை. மாஸ்டர் பாண்டுரங்கனைத் தனியாக அழைத்துப் பதமாகச் சொன்னார். "ஆட்டம் நல்லா வருதுங்க. உடம்புலதான் சத்தே இல்ல. வூட்ல கொஞ்சம் கறி கிறி எடுத்துப் போடுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

கறிக்கடைக்காரர் தலையாட்டினார்.

திரும்பும்போது விக்கிரவாண்டியில் வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கி ஜன்னல் பக்கமாக நீட்டினார். பொன்னி வாங்கிக்கொண்டாள். ஒரு கடலை விடாமல் உரித்துத் தின்றாள். அவருக்கு ஒன்றுகூட நீட்டவில்லை. பொட்டலம் காலியான பிறகு, வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"ஸ்டேஷன் மிஷினு ரிப்பேரு இல்ல. இல்லப்பா?"

பஸ் இரைச்சலில் கேட்காதது போல அவர் இருந்துவிட்டார். பஸ் அப்போது நின்றுகொண்டிருந்தது.

அம்மாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே கபடிக்குப் போனாள். மத்தியானம் அம்சவள்ளி போட்ட ஈரல் வறுவலை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பாவோடு மட்டும் பேச்சில்லை. அவர் கடைக்கு வருகிறவர்களிடம் விளையாட்டின் கஷ்டங்களை விளக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டம் சேர்ந்த நேரத்தில் பொன்னி கடைக்கு வந்து, கூப்பிடாமலே, சின்னத் தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். பாண்டுரங்கன் முதல் ஆளுக்கு ஒரு கிலோ நிறுத்துப் பையில் போட்டார். பொன்னி கட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அந்தப் பைக்குள் போட்டாள். கண்ணளவில், கிட்டத்தட்ட நூறு கிராம். அவருடைய கண் அவளுக்கும் வந்திருந்தது.

வாங்கியவர் புரியாமல் நின்றார். பாண்டுரங்கன் சட்டென்று சுதாரித்துக்கொண்டு சிரித்தார். "பாப்பா கையால கொசுறு. எடுத்துக்கினு போ."

"கொசுறு இல்லண்ணே" என்றாள் பொன்னி, சத்தம் போடாமல். "அது உங்களுதுதான்."

அரைக் கிலோ கேட்டு நின்ற அம்மாவுக்கு இன்னொரு துண்டு போயிற்று, அதில் பாதி. அடுத்தவருக்கு ஒன்று. கட்டை அவர் பக்கமாக இருந்ததால் ஒவ்வொரு தடவையும் அவள் தராசுக்கு மேலாக எட்டி எட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாலாவது ஆள் பையை நீட்டியபோது, பாண்டுரங்கன் தெருவில் போகும் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே, கறிக்கட்டையை முழங்காலால் ஒரு சாண் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.