பிரேக் இல்லாத பக்கம்

என் அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். அந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. நாள் முழுக்கக் காரிலேயே கிடப்பார்கள், ஆனால் ஓட்ட மாட்டார்கள். ஸ்டீயரிங் கற்றுக்கொள்கிறவர் கையில் இருக்கும். அக்கா பக்கத்து இருக்கையில், தனக்கென்று வைத்த இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி, ஊரில் உள்ள அத்தனை பேரின் கோணல்மாணல் ஓட்டத்துக்கும் குலுங்கிக்கொண்டு போவாள். அவளிடம் படித்தவர்கள் அவளை 'பிரேக் அக்கா' என்றுதான் சொல்வார்கள். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட அவள் கால் தரையை அழுத்தும்.

அவள் பாடமெல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். "பயம் வந்தா யோசிக்காதே, காலை எடு." ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் தானாகக் குறையும், மீதியை அவள் பக்கத்துப் பிரேக் பார்த்துக்கொள்ளும். யோசிக்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உன் கால் எழும்பியிருக்கணும்" என்பாள்.

அப்படித் தேறியவர்களில் முதல் ஆள் அவள் மகள். மற்றபடி அம்மா சொல்வது எதுவும் அந்தப் பெண்ணின் காதில் ஏறாது. படிப்பு, உடுப்பு, சிநேகிதம், எதைப் பேசினாலும் வீட்டில் கதவைப் படாரென்று சாத்துவாள். காருக்குள் உட்கார்ந்துவிட்டால் மட்டும் பெட்டிப்பாம்பு. மகள் தன் பேச்சைக் கேட்கிற ஒரே இடம் அதுதான் என்று அக்காவுக்குத் தெரியும். லைசென்ஸ் வாங்கின கையோடு அதுவும் போய்விடுமோ என்று அவள் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா தனக்கென்று ஒரு கார் வாங்கினாள். ரெண்டே கதவு, தரையோடு ஒட்டின உயரம், பின்சக்கரத்தில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கூப்பே. பெரிய பணக்கார வண்டி கிடையாது. சம்பளக்காரர்கள் மனசு வைத்தால் வாங்கக்கூடிய ரகம், அதுவும் பழசு. முன்பு வைத்திருந்த பல் டாக்டருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு, ஏறினால் இறங்க முடியவில்லை என்று விற்றுத் தள்ளிவிட்டார். அத்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்னால் இருந்த இருக்கை மாதிரியான ஒன்றை எட்டிப் பார்த்தார்.

"இதுல யாரு உக்கார்றது?"

"உங்க பை உக்காரும்" என்றாள் அக்கா.

அத்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் "இந்த வயசுல" என்று ஆரம்பித்தார்கள். அந்த வயசில் நீங்கள் என்ன கிழித்தீர்கள் என்று எனக்கு வாய்வரை வந்தது. அக்கா அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. என்னை ஒரு ரவுண்டு கூட்டிப் போனாள். ஸ்டீயரிங் அவள் கையில் இருக்க நான் பார்த்தது அன்றுதான். முகமே வேறாக இருந்தது.

"முதுகுல தள்ளுது பாரு" என்றாள். "முன்சக்கரம் திரும்புற வேலையை மட்டும் பாக்கும், பின்சக்கரம் தள்ளுற வேலையை மட்டும் பாக்கும். ஒருத்தர் வேலையில ஒருத்தர் மூக்கை நுழைக்கறதில்ல. நம்ம வீடு மாதிரி கிடையாது."

மகளும் அந்த வண்டியில் மயங்கிப்போனாள். "அம்மா, எனக்கும் சொல்லிக்குடு" என்று அவளாகவே வந்து கேட்டாள். அக்காவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. மூடிக்கிடந்த மொத்த வியாபாரச் சந்தை மைதானம் ஒன்றில் இருவரும் விடுமுறை நாட்களில் பழகினார்கள். ஸ்கூல் காரில் கற்றதில் ஒன்றை மட்டும் இங்கே மறந்துவிட வேண்டும் என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னாள். இதில் வளைவின் நடுவே சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும், பின்சக்கரம் பிடி விடும், வால் வீசும். பயம் வந்தாலும் காலை இருந்த இடத்தில் வை, மெல்ல மெல்லத் தளர்த்து. அந்தப் பழைய வண்டியில் சறுக்கலைத் தடுக்கும் எலக்ட்ரானிக் சமாச்சாரம் ஒன்றும் இல்லை. மகள் அதையும் கற்றுக்கொண்டாள்.

அதன்பிறகுதான் அக்கா அவளை ரோட்டில் விட்டாள். தூறல் விழுந்து தார் பளபளத்த ஒரு மதியம். கிடங்குகளைத் தாண்டி வரும் வளைவில் மகள் வண்டியை அழகாகத்தான் திருப்பினாளாம். பாதி வளைவில், ஓரத்தில் நின்றிருந்த லாரியின் பின்பக்கம் தெரிந்தது. தள்ளித்தான் நின்றது. அப்படியே போயிருந்தால் தாராளமாகக் கடந்திருக்கலாம். அக்காவின் கால் பிரேக்கைத் தேடி வெறும் தரையை மிதித்தது. அந்த வண்டியில் அவள் பக்கம் பிரேக் ஏது? காலுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகவும், வாய் தன் பழைய வேலையைப் பார்த்தது.

"காலை எடு!"

சொல்லி முடிப்பதற்குள் மகளின் கால் எழும்பிவிட்டது. வால் வீசியது. வண்டி பக்கவாட்டில் சுழன்று போய், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவோடு விளக்குக் கம்பத்தில் மோதியது. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மகளின் வலது கால் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் நசுங்கிவிட்டது.

காலை வெட்டாமல் காப்பாற்றினார்கள். முட்டி இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். அத்தான் அந்தக் காரைக் காயலான் கடையில் போட்டுவிட்டு வந்தார். சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, சனியன் பிடித்த வண்டி, அப்போதே சொன்னோம் என்றார்கள். அப்போது சொன்னது வயசைப் பற்றித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னம்மா ஆச்சு அந்த இடத்துல?" என்று அத்தான் மகளைக் கேட்டார்.

"லாரியைப் பார்த்து பயந்து காலை எடுத்துட்டேம்பா. அம்மா எடுக்கக்கூடாதுன்னுதான் சொல்லியிருந்தாங்க."

அக்கா சுவரோரம் நின்றிருந்தாள். முன்னால் வந்தாள்.

"அவ பயப்படலைங்க. நல்லாத்தான் ஓட்டினா. நான்தான் காலை எடுன்னு கத்தினேன்."

அறையில் ஒருவரும் அதை நம்பவில்லை. ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் இப்படிக் கத்துவாளா? சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெத்த வயிறு பாரு, பழியைத் தன் தலையில போட்டுக்குது" என்றாள். காரைக் கண்டாலே கடுகடுக்கும் அத்தான்கூட அக்காவின் தோளைத் தட்டி, "விடு, நீ உன்னால ஆனதைப் பண்ணினே" என்றார். அக்கா மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தில் நானும் சேர்ந்துகொண்டேன்.

பார்வை நேரம் முடிந்து எல்லோரும் வெளியே போனார்கள். போர்வையைச் சரிசெய்ய நான் நின்றேன். அக்கா மகளின் பக்கத்தில் குனிந்தாள்.

"ஏம்மா அப்பாகிட்ட பொய் சொன்னே?"

"இல்லைன்னா அவர் உன்னை வீட்டுல வாழ விடமாட்டார்" என்றாள் மகள். கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை. "லாரி தள்ளி நிக்கறது எனக்குத் தெரிஞ்சுதும்மா. எடுக்கக்கூடாதுன்னும் தெரியும். நீ சொன்னதால எடுத்தேன்."



நர்ஸ் வந்து, தலையணையை முதுகுக்கு வைத்து, "கொஞ்சம் நிமிர்ந்து உக்காரும்மா" என்றார். மகள் கையை ஊன்றி எழப் பார்த்தாள். அக்கா பதறிப்போய், "வலது கையை ஊன்றாதே, இடதை..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சொல்லாதே" என்றாள் மகள்.