உள்ளே ஓர் ஆள்

படப்பைக்கு அப்பால் பூட்டிக்கிடந்த ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூடத்தை நூலகமாக்கப் போகிறார்கள். அதன் இரும்பு ஜன்னல்களைப் பழுது பார்க்கும் வேலையை நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் எடுத்தோம். கண்ணாடியைச் சுற்றிக் காய்ந்து இறுகிய பட்டிப் பசையைக் கொத்தி, கண்ணாடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, வளைந்த சட்டத்தைத் தட்டி நிமிர்த்துவதெல்லாம் ஒருத்தியே செய்துவிடலாம். கடைசிச் சோதனைக்குத்தான் இரண்டு பேர் வேண்டும்.

சட்டத்துக்கும் ஜன்னல் கதவுக்கும் நடுவே செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்து, நான் வெளியே நின்று கதவை இரண்டு கையாலும் அழுத்துவேன். அவர் உள்ளேயிருந்து காகிதத்தை இழுப்பார். உருவிக்கொண்டு வந்தால் இடைவெளி இருக்கிறது, மழை உள்ளே வரும். வராமல் கதவு அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டால், "புட்சிக்கிச்சி!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார்.

பாதி வேலையில் அவருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்தது. எப்போதும் நைட் ஷிஃப்ட். அவர் வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். நான் திரும்பும்போது அவர் கம்பெனி பஸ்ஸில் போயிருப்பார். குழம்பு குறைந்திருப்பதை வைத்துத்தான் ஆள் வீட்டுக்கு வந்ததையே தெரிந்துகொள்வேன். ஞாயிற்றுக்கிழமையாவது இருப்பாரா என்றால், ஓ.டி.

நான் கதவுக்கு மூங்கிலை முட்டுக் கொடுத்துவிட்டு, வராண்டாவைச் சுற்றி உள்ளே ஓடிக் காகிதத்தை இழுக்கப் பழகினேன். ஒருநாள் நானே இழுத்துவிட்டு நானே "புட்சிக்கிச்சி" என்றேன். காலி வகுப்பறையில் என் குரலைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது? மாதம் தவறாமல் வரும் சம்பளத்தின் மேலா?

கடைசி ஜன்னலையும் முடித்துச் சோதித்துப் பார்த்தேன். காகிதம் அசையவில்லை. ஆனாலும் அவருக்குப் போன் போட்டேன்.

"ஒரே ஒரு ஜன்னல் மட்டும் ஒயுங்கா ஒக்கார்ல. ஷிஃப்ட் முட்ச்சிட்டு நேரா இங்க வாங்க."

மறுநாள் காலையில் யூனிபாரத்தோடு, சிவந்த கண்களோடு வந்து உள்ளே போனார். நான் வெளியே நின்று அழுத்தினேன். பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! இளைத்துப் போயிருந்தார்.

"புட்சிக்கிச்சிமே. இதுல இன்னா கோளாறு?"

"மேல பாருங்க."

நான் கதவைத் தளர்த்தி அழுத்த, காகிதத்தை மேலே வைத்து இழுத்தார். "அங்கயும் புட்சிக்கிச்சி."

"கீழ?"

குனிந்து கீழே வைத்து இழுத்தார். நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"லேசா தொற," என்றார். காகிதத்தை எடுத்து, ஏற்கெனவே பார்த்த அதே இடத்தில் வைத்தார். "ம், அழுத்திக்கோ. இன்னோரு தபா பாக்கலாம்."

கை கடுத்தது. நான் விடவில்லை.