எதிர்ப்பக்கத்துக் கீறல்

"மெல்ல இழு... மெல்ல..." என்று ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி தியாகராஜா சொல்லி வாய் மூடவில்லை.

டக்.

மடக்குக் கத்தியின் பிடி சிங்காரத்தின் கையோடு வந்துவிட்டது. அலகின் முன்பாதி பிடிகுறட்டில் மாட்டிக்கொண்டு தனியே நின்றது.

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. 1931 நவம்பரில், ஜொகூரில், பெக்கோக் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பட்டப்பகலில் நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள், படித்து முடித்த பிறகு மத்தியானத் தூக்கம் போட்டுப் பார்க்கட்டும்.

"என்ன செய்து போட்டாய், சிங்காரம்?"

"துருங்க ஐயா. உள்ளயே தின்னுடுச்சு. நான் ஒடைக்கல, அதுவாப் போயிடுச்சு."

"அதுவாப் போச்சுது எண்டு துரையிட்டை நீயே போய்ச் சொல்லு."

கத்தி சின்னத் துரையுடையது. பத்து வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்டுக்கோழி சுடப் போகிறேன் என்று துப்பாக்கியோடு கிளம்பிய வெள்ளைக்காரப் பையன். திரும்பவே இல்லை. போலீசும் தோட்டமும் சேர்ந்து ஒன்பது நாள் தேடின. தோட்டத்துக் கொல்லன் சிங்காரத்துக்குக் காடு அத்துப்படி என்பதால், வழி காட்டி முன்னால் நடந்தவனே அவன்தான். ஒரு சட்டைப் பொத்தான்கூட அகப்படவில்லை.

போன வாரம் வெள்ளம் வடிந்தபோது, ஆற்றோரம் ஒதுங்கிய குப்பையில் இந்தக் கத்தியைக் கண்டெடுத்தாள் பால்மரம் வெட்டும் ராசம்மா. மடக்கியபடியே துருப்பிடித்துக் கிடந்தது. பையனின் தாய் இங்கிலாந்திலிருந்து ஏற்கெனவே எழுதியிருந்தாள். அது அவன் அப்பாவின் வேட்டைக்கத்தி, கிடைத்தால் அதையாவது அனுப்புங்கள் என்று. திறந்து துடைத்துக் கொடுக்கச் சொல்லித்தான் பெரிய துரை பட்டறைக்கு அனுப்பினார்.

திறந்த லட்சணம் மேலே சொன்னதுதான்.

"சனிக்கிழமை தபால் போகுது" என்றார் கிராணி. "அதுக்குள்ளை பழைய அலகு மாதிரியே ஒண்டு இதிலை இருக்கவேணும். தாய்க்காரி பார்த்தாலும் விளங்கக் கூடாது. இல்லாட்டி இந்த மாத லிஸ்டிலை முதல் பேர் உன்ரைதான்."

லிஸ்ட் என்றால் கப்பல். ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போய், மாதம் இருபது முப்பது பேரை ஊருக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம். சிங்காரத்தின் மனைவி செல்லத்துக்கு எட்டாம் மாதம். கப்பல் மேல்தட்டில், மழையிலும் உப்புக்காற்றிலும் அவள் பிள்ளை பெறுவதை அவன் ஒரு கணம் நினைத்துப் பார்த்தான்.

"செஞ்சுடறேங்க ஐயா."

அலகின் நுனியைத் துரு தின்றிருந்தது. அது முன்னால் என்ன வடிவத்தில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? கிராணி ஆபீசிலிருந்து சீமைக் கடை ஒன்றின் படப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். இருவரும் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். பிடியின் அடியில், சிக்கிய தோட்டாவை இழுக்க ஒரு கொக்கி. பக்கத்தில் குட்டி ரம்பம். அலகின் அடியில் ஒரு கிரீடம், அதன் கீழே இரண்டு எழுத்து. நாற்பத்தோராம் பக்கத்தில் மூன்றும் ஒன்றாகப் பொருந்தின.

"இதுதான்" என்றார் கிராணி.

நடுவில் அகன்று, நுனியில் மேலே தூக்கிய அலகு. அதை விரிக்க, ஒரு பக்கத்தில் நகம் மாட்டுகிற குழி. மடக்கிய கத்தியை இடக்கையில் பிடித்தால் வலக்கைப் பெருவிரல் நகம் தானாகப் போய் உட்காரும் இடம்.

படத்தில் இல்லாதவை இரண்டு இருந்தன.

மான்கொம்புப் பிடியில், இரண்டு பக்கமும் ஆழமான பள்ளங்கள்.

"நாய் கடிச்சிருக்கும்" என்றார் கிராணி.

பழைய அலகைச் செங்கல் பொடியால் தேய்த்தபோது மற்றது தெரிந்தது. நகக்குழி இல்லாத எதிர்ப்பக்கம் முழுக்கக் கீறல்கள். மெல்லியவை. எண்ண முடியாதவை. எல்லாம் ஒரே இடத்தில்.

"இடக்கைக்காரன் ஆரோ தவறான பக்கத்திலை திறக்கப் பார்த்திருக்கிறான். ஆனா சின்னத் துரை வலக்கையாலை எழுதுறதை நானே பார்த்திருக்கிறன்."

சிங்காரம் கையிலிருந்த செங்கல் பொடியைத் தட்டினான். "ஆத்துல எந்தப் பக்கம் கெடைச்சுதாம்?" என்றான்.

"மூண்டாந்தரம் கேட்கிறாய். கீழ்ப்பக்கம் எண்டு சொன்னனே."

புதன்கிழமை பழைய லாரி வில்பட்டை ஒன்றை வெட்டி அலகு அடித்தான். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தான். கிரீடத்தையும் எழுத்தையும் ஊசி உளியால் குத்தினான். இங்கிலீஷ் தெரியாது. கோடாகப் பார்த்துக் கோடாகக் குத்தினான்.

தன் அடையாளத்தை மட்டும் குத்தவில்லை. அவன் பட்டறையில் பிறந்த எந்த இரும்பும் மூன்று புள்ளி இல்லாமல் வெளியே போகாது. பால் வெட்டும் கத்தி, மண்வெட்டி, வாளிக் கொக்கி, எல்லாவற்றிலும் அடுப்புக்கல் மாதிரி மூன்று புள்ளி. ஆனால் இந்த அலகு சீமையில் பிறந்ததாக நடிக்க வேண்டும்.

வியாழன் மத்தியானம் செல்லம் பட்டறைக்கே சோறு கொண்டுவந்தாள்.

"தொரைக்கு வேட்டைக்கத்தி. எனக்கு மொட்டை அருவாமணை" என்றாள். "ஆமா, பன்னிக்கறி கண்ணுல பட்டே ரெண்டு மாசமாச்சு. வாய் கேக்குதுங்க."

"காட்டுல தண்ணி."

"தண்ணி வர்றதுக்கு முன்னாடியும் போகலியே நீங்க."

தட்டைத் தள்ளி வைத்தான். "பசிக்கல. எடுத்துட்டுப் போ."

அவள் போனபோது மணி ஒன்றரை. ஆபீசில் கழித்துப் போட்ட சுவர்க்கடிகாரம் ஒன்று பட்டறையில் இருந்தது. கூலி வீடுகள் இருந்த லயம் முழுக்கத் தூக்கம். புது அலகைப் பிடியில் பொருத்தி, ஆணி அடித்து, மடக்கி, எண்ணெய்த் துணியில் சுற்றி, இரும்பு அடிக்கும் பட்டடைமேல் வைத்தான்.

ஒன்று நாற்பது.

கிரீச்...

எலி என்று நினைத்தான்.

கிரீச்... கிரீச்...

சத்தம் துணிக்குள் இருந்து வந்தது.

பிரித்தான். கத்தி மடக்கியபடியே இருந்தது. உலை பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தும் கொம்புப் பிடி ஈரமாக, சில்லென்று இருந்தது. பளபளத்த புது அலகில், எதிர்ப்பக்கத்தில், ஒரு கீறல்.

தேய்த்து எடுத்தான். இரண்டு மணிக்குள் நான்கு கீறல். அதையும் தேய்த்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் உன்னிடம் மட்டும் என்று கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை. ஒன்று முப்பத்தெட்டு. பட்டடைக்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இடது பக்கம் கத்தி. வலக்கையில் சம்மட்டி.

ஒன்று நாற்பது.

சத்தம் வரவில்லை.

மூச்சு விட்டான். சம்மட்டியைக் கீழே வைக்கக் குனிந்தான்.

கப்.

வலக்கை மணிக்கட்டை ஏதோ கவ்வியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பல் மட்டும் இறங்கியது. மேலே ஒரு வரிசை... கீழே ஒரு வரிசை...

இழுத்தான். வரவில்லை.

கத்தினான். தொண்டையில் காற்று மட்டும் வந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

இடக்கை மட்டும் சும்மா இருந்தது. அது அவனைக் கேட்காமலே போய்க் கத்தியை எடுத்தது.

அவன் வாய் திறந்தது. கொம்பைக் கடித்தது. பல் அந்தப் பழைய பள்ளங்களில் கச்சிதமாக உட்கார்ந்தது.

இடக்கை நகம் அலகைத் தேடியது. குழி அந்தப் பக்கம் இல்லை.

வழுக்கியது.

கிரீச்...

மறுபடி.

கிரீச்... கிரீச்...

நகம் பிளந்தது.

அப்போதும் விரல் நிற்கவில்லை...

டாங். டாங். ஆபீஸ் மணி இரண்டு அடித்தது. பிடி விட்டது.

மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். வளையம் முழுக்கப் பல் தடம். அலகின் எதிர்ப்பக்கத்தில் ரத்தம். துடைத்தான். கீறல்கள்... கீறல்களுக்கு நடுவே...

மூன்று புள்ளி.

அரத்தால் ராவினான். கீறல் போயிற்று. புள்ளிகள் போகவில்லை. ராவ ராவ, உள்ளேயிருந்து ஏறி வருவதுபோல் தெளிந்தன.

நான்கு மணிக்குக் கிராணி வந்தார். கத்தியை விரித்து மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே பிடித்தார்.

"இதென்ன, மூண்டு புள்ளி?"

"கைப்பழக்கங்க ஐயா. தெரியாம குத்திட்டேன்."

"கையிலை என்ன கட்டு?"

"நெருப்பு சுட்டுடுச்சு."

கிராணி கத்தியை மடக்கினார். வேறு வழியில்லை. "சரி விடு. கிழவிக்குப் புள்ளி எங்கை விளங்கப் போகுது."

சனிக்கிழமை பார்சல் போயிற்று. லிஸ்ட் வந்தது. சிங்காரத்தின் பெயர் அதில் இல்லை. டிசம்பரில் செல்லத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள், மத்தியானம் ஒன்றரை மணி சுமாருக்கு, கிராணி தனியாகப் பட்டறைக்குள் வந்தார். கையில் சாக்கில் சுற்றிய கனமான ஒன்று.

"சின்னத் துரை கிடைச்சிட்டார்" என்றார். "நில அளவைக்காரர் ஆத்துக்கு மேல்பக்கம் காடு வெட்டினவை. நாங்கள் ஒன்பது நாளும் தேடாத பக்கம். உன்னோடை கீழ்ப்பக்கம்தானே போனனாங்கள்."

சிங்காரம் துருத்தியை நிறுத்தினான்.

"பன்றிப் பொறி. சுட்ட கோழியை எடுக்கக் குனிஞ்சிருக்கிறார். வலக்கை எலும்பு இரும்புக்குள்ளையே இருந்தது. சுட்ட துவக்கு எட்டாத தூரத்திலை. பொறியை மரத்தோடை கட்டினது வெறும் கயிறு, சிங்காரம். அதை அறுத்திருந்தால் பொறியோடையே நடந்து வந்திருக்கலாம். கத்தியும் இருந்தது, இடக்கையாலை விரிக்க முடியேல்லை. கொம்பிலை இருந்தது நாய்ப்பல் இல்லை."

சாக்கைப் பிரித்துப் பட்டடைமேல் வைத்தார். கழுவித் துடைத்த இரும்புத் தாடை. அதன் ஓரத்தில், அடுப்புக்கல் மாதிரி, மூன்று புள்ளி.

"நான் குத்தலங்க ஐயா."

"எதிலை? பொறியிலையோ?"

"கத்தியில."

கிராணி சாக்கை மடித்தார். "மூண்டு நாளாவது உயிரோடை கிடந்திருப்பாராம். டாக்டர் சொன்னார். கூப்பிட்டிருப்பார். ஒருத்தருக்கும் கேட்கேல்லைப் போல."

சிங்காரத்தின் கண் கடிகாரத்துக்குப் போயிற்று. ஒன்று நாற்பது.

ஒருவனுக்குக் கேட்டது.

சின்னத் துரை காணாமல்போன மறுநாள், திங்கட்கிழமை, இதே மத்தியான நேரத்தில், பன்றி விழுந்ததா என்று பார்க்க அவன் போயிருந்தான். இருபதடி தூரத்தில், செடி மறைவில் நின்றான். தன் பொறியில் ஒரு வெள்ளைக் கை இருப்பதைப் பார்த்தான். அவிழ்த்துவிட்டால் பொறி யாருடையது என்று துரை கேட்பார். அப்புறம் ஜெயில். வந்த வழியே, சருகு மிதிபடாமல், திரும்பி நடந்தான். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் மட்டும் வெகுதூரம் வந்தது.

கிரீச்... கிரீச்...

பட்டறையில் கேட்டது இரண்டாவது முறை.