அலாஸ்கா போய் வந்த குமுதா

குமுதாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னாள். தங்கை மலர்விழியும் தன்னோடு வருவாள் என்பதே அது. மலருக்கு உடம்பு வளர்ந்ததே தவிர, அறிவு ஆறு வயதோடு நின்றுவிட்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நிபந்தனையைக் கேட்டவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். விஜயன் மட்டும், "வீட்டுல இன்னொரு ரூம் இருக்கு, வரட்டுமே," என்றார்.

அப்படித்தான் கிள்ளானில் அந்த மூவரின் குடித்தனம் தொடங்கியது. விஜயன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். குமுதா அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்ஸியாக இருந்தாள். அவள் வேலைக்குப் போகிற நேரங்களில் பக்கத்து வீட்டு ஆன்டி மலரைப் பார்த்துக்கொண்டார். மகள் ஷாமினி பிறந்தாள், வளர்ந்தாள், படித்து முடித்து வான்கூவருக்கு வேலைக்குப் போனாள். மலர் அதே நாற்காலியில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்புப் பக்கம் வரக் கூடாது, கத்தியைத் தொடக் கூடாது. துணி மடிக்க வந்தால்கூட, "நீ உக்காருமா, நான் பாத்துக்கிறேன்," என்று குமுதா வாங்கி வைத்துவிடுவாள். அதுதான் பாசம் என்று அவள் நினைத்திருந்தாள். பார்க்கிறவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

விஜயன் பணி ஓய்வு பெற்றபோது ஷாமினி அப்பாவுக்கு ஒரு பரிசு கொடுத்தாள். உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து வாழ்நாளெல்லாம் கப்பல்களில் பெட்டி ஏற்றியவர், ஒரு கப்பலிலும் பயணம் போனதில்லை. வான்கூவரிலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பல், அங்கே இறங்கி ரயிலில் காட்டுக்குள் பல நாள் சுற்றுலா. அம்மா, அப்பா இருவருக்கும் டிக்கெட். மலரைப் பற்றி ஷாமினி கேட்கவில்லை, விஜயன் கேட்கவில்லை, குமுதாவும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் விமானம், அவ்வளவு குளிர், அவளால் எப்படி முடியும் என்று தனித்தனியாக மூவரும் முடிவு செய்திருந்தார்கள்.

கிள்ளானுக்குப் பக்கத்தில், ஷா ஆலமில் ஒரு பராமரிப்பு இல்லம் கிடைத்தது. இராஜம்மா என்பவர் நடத்தினார். மலரின் துணிப்பையை அங்கே வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கோர்ஸ் இருக்கிறது, முடிந்ததும் வந்துவிடுவேன் என்று குமுதா தங்கையிடம் சொன்னாள். குமுதா ஆஸ்பத்திரியை விட்டு ஓய்வு பெற்றே மூன்று வருடம் ஆகியிருந்தது. மலர் நம்பித் தலையாட்டினாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று காரில் போகும்போது குமுதாவுக்குத் தோன்றியது.

கப்பலில் முதல் சில நாட்கள் அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. மேஜையில் வகை வகையாகச் சாப்பாடு இருக்கும். மலர் இந்நேரம் சாப்பிட்டிருப்பாளா என்ற நினைப்பில் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். முதல் வாரம் போனில் பேச வேண்டாம், அக்கா குரலைக் கேட்டால் வீட்டு ஞாபகம் வந்துவிடும் என்று இராஜம்மா சொல்லியிருந்தார். விஜயனோ குளிரில் மூக்கு சிவக்க மேல்தளத்தில் நின்று, கரையோர மலைகளையும் நீரில் மிதந்து வந்த பனிக்கட்டிகளில் படுத்திருந்த கடல்நாய்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருட வாழ்க்கையில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் குமுதா கண்டதில்லை. அதனால் தன் தவிப்பை அவள் வெளியே காட்டவில்லை.

பிறகு ஒரு நாள் கப்பல் ஒரு பனியாற்றின் முன்னால் போய் நின்றது. நீல நிறத்தில், தெருக் கணக்கில் நீண்ட பனிச்சுவர். எல்லாரும் காத்திருந்தார்கள். திடீரென்று சுவரின் ஒரு பக்கம் பிளந்து கடலில் விழுந்தது. இடி போன்ற சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. குமுதா சிறுபிள்ளை மாதிரி கைதட்டிச் சிரித்தாள். அன்று நன்றாகச் சாப்பிட்டாள், விஜயனோடு கைகோத்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் கப்பலை விட்டு இறங்கி, கூரையே கண்ணாடியாக இருந்த ரயிலில் ஆறுகளையும் ஊசியிலைக் காடுகளையும் பார்த்தபடி போனாள். டெனாலி காட்டோரத்து விடுதிக்கு வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. நேற்று காலையிலிருந்து அவள் மலரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். விஜயன் என்னவோ ஏதோ என்று பதறி, காரணம் தெரிந்ததும் தணிந்தார். "ரெண்டு நாளு மறந்தா ஒன்னும் ஆயிடாது லா, குமுதா," என்றார்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. உடனே ஷா ஆலமுக்குப் போன் போட்டாள். மலர் நல்லா இருக்காங்க, கவலைப்படாதீங்க என்றார் இராஜம்மா. அந்த வாக்கியத்தைக் குமுதா நன்றாக அறிவாள். வார்டில் வேலை குவிந்து கிடக்கும்போது, போன் செய்கிற சொந்தக்காரர்களிடம் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவளே அதைச் சொல்லியிருக்கிறாள்.

"என்னங்க, நம்ம வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள்.

இன்னும் பார்க்க வேண்டியவை நிறைய இருந்தன. காட்டுக்குள் பஸ் பயணமே மறுநாள்தான் தொடங்குகிறது. அந்த ஊரின் பெரிய மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. ஒன்றிரண்டு நாளில் தெரியலாம் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். விஜயன் வாக்குவாதம் செய்யவில்லை. சரி என்று எழுந்து போய், டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்தார். விமான நிலையத்துக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவர் மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்ததைக் குமுதா கவனித்தாள். தங்கைக்குச் செய்தது போதாதென்று இப்போது இவருக்கும் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். ஆனாலும் விடுதிக்கே திரும்பிவிடலாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கேஎல்ஐஏ விமான நிலையத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், பெட்டிகளோடு நேராக ஷா ஆலம் போனார்கள். கூடத்தில் ஒரு நீள மேஜை. அதன் ஒரு பக்கம் சக்கர நாற்காலியில் ஜரீனா என்ற பெண், மறுபக்கம் மலர். நடுவில் துவைத்துக் காய்ந்த துண்டுகள் மலையாகக் கிடந்தன. ஜரீனா எடுத்துக் கொடுக்க, மலர் ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்து அடுக்கினாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மலரு," என்று குமுதா கூப்பிட்டாள்.

மலர் நிமிர்ந்து பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். ஆனால் எழுந்து வரவில்லை. "இரு அக்கா, வேல இருக்கு. இன்னும் முடியல," என்றாள்.

குமுதா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். முதல் நாள் அழுதாளாம், இரண்டாம் நாள் தானாகவே வந்து ஒரு துண்டை எடுத்தாளாம். இராஜம்மா சொல்லிக்கொண்டே வந்து, வீட்டில் மலர் என்னென்ன வேலை செய்வாள் என்று சாதாரணமாகக் கேட்டார். குமுதா மேஜையில் அடுக்கியிருந்த துண்டுகளைப் பார்த்தாள். முப்பது வருடமாக ஒரு துண்டை மடிக்கவும் நான் இவளை விட்டதில்லை என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், விஜயன் டிவியில் பயணப் படங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மலர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பனிச்சுவரின் முன்னால் நின்று சிரிக்கிற அக்காவைத் திரையில் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ கோர்ஸுக்குப் போகல," என்றாள்.

குமுதா சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். "இல்ல மலரு. பொய் சொல்லிட்டேன்."

"கப்பல்ல எனக்கு எடம் இல்லயா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். விஜயன்தான் சொன்னார்.

"எடம் இருந்துச்சு மலரு. நாங்கதான் கேக்கல."

மலர் யோசித்துவிட்டு, அடுத்த படத்தைப் போடச் சொன்னாள்.

இப்போது வார நாட்களில் இல்லத்து வேன் காலையில் வந்து மலரை ஏற்றிக்கொண்டு போகிறது. ஜரீனா அவளுக்கு மலாய் வார்த்தைகள் சொல்லிக்கொடுக்கிறாள். மலர் வீட்டுக்கு வந்து அவற்றை விஜயனிடம் ஒப்பிக்கிறாள். போன மாதம் மூவரும் போர்ட் கிள்ளானிலிருந்து படகேறிப் புலாவ் கெத்தாம் தீவுக்குப் போய் வந்தார்கள். மலருக்கு வாந்தி வருமென்று குமுதா வழி நெடுகப் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பை அவளுக்கே தேவைப்பட்டது. மலர் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

எல்லாரும் குமுதாவிடம், இப்போதாவது உனக்கு நிம்மதி என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவைக்கிறாள். வேன் போன பிறகு வீட்டில் சத்தமே இருப்பதில்லை. காய்ந்த துணிகளைக் கூடையில் போட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு, மலர் வந்து மடிக்கட்டும் என்று சமையலைக் கவனிக்கப் போய்விடுகிறாள்.