விருந்து நாளில் உட்கார்ந்தவள்

கிராலெவோ தபால் நிலையத்தில் மூன்றாம் ஜன்னலில் முத்திரை குத்தும் தேசங்காவுக்கு நவம்பர் பிறந்தாலே பயம் பிடித்துவிடும். டிசம்பர் பத்தொன்பது அவள் புகுந்த வீட்டின் ஸ்லாவா, குலப் புனிதர் நிக்கோலாவின் நாள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது. நினைவிருப்பவர்கள் தாமாக வருவார்கள். முப்பது பேரும் வரலாம், அறுபது பேரும் வரலாம். வீட்டுக்காரி உட்காரக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அவள் உட்காரவில்லை. மூன்று வாரம் தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து, விருந்தன்று வந்தவர் யார், போனவர் யார் என்றே தெரியாமல் சுழன்றுகொண்டிருப்பாள்.

இந்த நவம்பரிலும் பட்டியல் போட உட்கார்ந்தாள். பத்தொன்பது வரி. ஏழாவது கேக்கை எழுதும்போதே மூச்சு முட்டியது. அட, இதெல்லாம் யாருக்காக என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பெயர் எழுதிப் பார்த்தாள். மெழுகுவர்த்தி, வேகவைத்த கோதுமை, ரொட்டி, மீன் இவை நான்கும் புனிதருக்கு. மொச்சைக் குழம்பு வந்தவர் பசிக்கு. மீதிப் பதினான்குக்கும் ஒரே பெயர்தான்: மிலுங்கா. கணவனின் அக்கா. கேக்கில் எத்தனை அடுக்கு என்று விரல்விட்டு எண்ணுகிற மகராசி!

பதினான்கையும் அடித்தாள். சரி, எனக்கு இந்த நாளில் என்ன வேண்டும் என்று வெகுநேரம் யோசித்து, அடியில் ஒரு வரி எழுதினாள்: ‘வந்தவர்களோடு உட்கார வேண்டும்.’ அதன்பின் மூன்று வாரமும் குறட்டை விட்டுத் தூங்கினாள். கணவன் கொய்க்கோதான் பதறினான்.

“ஊரு என்ன சொல்லும்டி?”

“பசிச்சா சோறு கேக்கும். வேற என்ன சொல்லும்?”

அந்த நாளும் வந்தது. தங்கை ரூஷா முந்தின ராத்திரி சுபோதிட்சாவில் பஸ் ஏறி, கணவன் லாஸ்லோ இல்லாமல் வழக்கம்போலத் தனியாகக் காலையில் வந்திறங்கினாள். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அவளுக்கு விடுப்பு; சாயங்காலமே திரும்பிவிடுவாள். தேசங்கா அவளைப் பக்கத்தில் இருத்தித் தானும் உட்கார்ந்தாள்.

மிலுங்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். “என்னம்மா, காலு கீலு உடைஞ்சுபோச்சா?”

“காலு நல்லாத்தான் இருக்கு அண்ணி. நீங்களும் உக்காருங்க.”

“கேக்கு எங்க?”

“இந்த வருஷம் இல்ல.”

“எங்கம்மா இருந்தா மயக்கம் போட்டிருப்பா!”

அப்போது கொய்க்கோவின் பட்டறை ஆட்கள் ஒன்பது பேர் பனியை உதறிக்கொண்டு நுழைந்தார்கள். மேசையில் கிண்ணம் பத்தாது. பழைய பழக்கத்தில் தேசங்கா பாதி எழுந்தும்விட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்த ரூஷா, பழகிப்போனவள்போல வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தேசங்கா அதைப் பார்த்தாள். பார்த்ததும் மறுபடி உட்கார்ந்து கணவனைக் கூப்பிட்டாள்.

“இந்தாங்க! அண்டாவுல குழம்பு இருக்கு, அலமாரில கிண்ணம் இருக்கு. உங்களுக்குக் கையும் இருக்கு.”

பட்டறை ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். கொய்க்கோ காது சிவக்க அடுக்களைக்குப் போனான்; சிரித்தவர்களும் பின்னாலேயே போனார்கள். “ஆம்பளைங்க கையில விட்டா இன்னிக்குப் புனிதரே பட்டினிதான்” என்று முனகிக்கொண்டு மிலுங்காவும் போனாள்.

“அக்கா,” என்றாள் ரூஷா. “லாஸ்லோ போயிட்டாருக்கா.”

“எங்க?”

“வேற ஒருத்திகூட. மூணு வருஷமாச்சு.”

தேசங்கா தங்கையின் பக்கம் முழுக்கத் திரும்பினாள். போன வருடமும், அதற்கு முந்தின வருடமும், உன் வீட்டுக்காரருக்கு என்று மீன் பொட்டலம் கட்டி இவள் கையில் திணித்து அனுப்பியிருக்கிறாளே!

“சொல்லணும்னுதான் ஒவ்வொரு வருஷமும் வந்தேன். நீ ஒரு நிமிஷம் நின்னியா? பொட்டலத்த பஸ்ஸுலயே பிரிச்சு நானே தின்னுருவேன்.”

உள்ளேயிருந்து கொய்க்கோ கத்தினான். “தேசங்கா, உப்பு எங்கடி?”

“தேடுங்க!” என்றாள், தலையைத் திருப்பாமல். தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். “பஸ்ஸுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. மொதல்லேர்ந்து சொல்லு.”